ஓடுகிற பஸ்ஸிலிருந்து எடுத்த எழுத்து

ஒரு காலத்தில் சுவரில் மரண அறிவித்தல் ஒட்டியிருந்தால், போனது யார் என்று நான் பார்க்க மாட்டேன். என்ன எழுத்துரு என்றுதான் பார்ப்பேன். வெட்கத்தோடுதான் ஒத்துக்கொள்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பில், மேல் லயத்துப் பெரியவர் ஒருவர் இறந்துபோன வீட்டில், எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது அம்மாவின் காதருகே குனிந்து, "அம்மா, அந்த நோட்டீஸ்ல 'ஜனனம்' ஒரு ஃபொன்டு, 'மரணம்' வேற ஃபொன்டு" என்று சொன்னவள் நான். அம்மா அழுகையை நிறுத்தாமலே என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். (நாலு நாள் நீலமாக இருந்தது.)

எழுத்துரு என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒரே 'அ'வை ஆளுக்கொரு விதமாக வரைந்து கணினியில் போட்டு வைத்திருப்பார்கள். ஒன்று தடியாக இருக்கும், ஒன்று ஒல்லியாக, ஒன்று வளைந்து நெளிந்து. ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு பெயர். பேச்சில் நாங்கள் ஃபொன்ட் என்போம். ஹட்டனில் ஆறு மாதம் டிசைன் வகுப்புக்குப் போய், மேரி அக்காவின் கடையில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்த அந்த நாட்களில், இந்த உலகத்திலுள்ள எல்லா எழுத்துருவும் எனக்கு அத்துப்படி என்று நான் நம்பினேன். நம்பியதோடு நின்றிருக்கலாம். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

பஸ்ஸில் போகும்போது பக்கத்துச் சீட்டில் இருப்பவருக்குக் கடைப் பலகைகளைக் காட்டி, "அது இந்த ஃபொன்டு, இது அந்த ஃபொன்டு" என்று விளக்குவேன். அவர்கள் அடுத்த நிறுத்தத்தில் எழுந்து பின்னால் போய் நிற்பார்கள். கூட்டத்தில் எனக்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான் எழுந்து போகிறார்கள் என நினைத்துக்கொள்வேன். (அவ்வளவு தெளிவு.)

மேரி அக்காவின் கடை ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே, படி ஏறிப் போகும் ஒரு அறை. இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், மழை பெய்தால் ஒழுகும் ஒரு மூலை. திருவிழா நோட்டீஸ், பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், டியூஷன் போஸ்டர், மரண அறிவித்தல். இதுதான் தொழில். மேரி அக்கா அதிகம் பேச மாட்டார். வாயில் எப்போதும் ஒரு இஞ்சி டொஃபி இருக்கும். நான் என்ன சொன்னாலும் "ம்" என்பார். அது பாராட்டா, பரிதாபமா என்று கடைசிவரை எனக்குப் புரிந்ததில்லை.

இந்த நிலையில்தான் என் அண்ணன் கடைக்கு வந்தான்.

அண்ணன் பெயர் பாலா. எங்கள் தோட்டத்து ஃபெக்டரியில் வேலை. அதைவிட முக்கியமாக, 'மலைக்காளைகள்' கிரிக்கெட் அணியின் கெப்டன். நோர்வூட் பக்கத்துத் தோட்டங்களுக்கிடையே வருடா வருடம் நடக்கும் மென்பந்துப் போட்டியில் காளைகள் எட்டு வருடமாக ஆடிவந்தார்கள். ஆனால் ஒரு தடவைகூட ஒரே மாதிரிச் சட்டை போட்டதில்லை. ஒருவன் நீலம், ஒருவன் சிவப்பு, ஒருவன் ஏதோ ஒரு தேர்தலுக்குக் கொடுத்த டீ-ஷர்ட். ஒருமுறை எங்கள் ஆள் ஒருவன் பந்தைப் பொறுக்கி, பக்கத்தில் நின்ற எதிரணி ஓட்டக்காரனை நம் ஆள் என்று நினைத்து அவன் கையில் கொடுத்துவிட்டான். அவன் நன்றி சொல்லிவிட்டு ஓடி இரண்டாவது ஓட்டத்தையும் எடுத்தான்.

அந்த வருடம் அண்ணன் எப்படியோ பேசிப்பேசி ஒரு அனுசரணையாளரைப் பிடித்துவிட்டான். நோர்வூட்டில் 'ராணி சாப்பாட்டுக் கடை' வைத்திருக்கும் முதலாளி. ராணி என்பது அவர் மனைவியின் பெயர். பதினொரு பேருக்கும் ஜேர்சி அடித்துத் தருவதாக ஒத்துக்கொண்டார். நெஞ்சில் அணியின் பெயர், முதுகில் ஆட்டக்காரர் பெயர், அதற்குக் கீழே கடையின் பெயர். பயல்கள் ஒரு வாரம் தரையிலேயே நடக்கவில்லை.

அண்ணன் கைபேசியை நீட்டினான். மஸ்கெலியாவில் ஏதோ ஒரு போட்டிக்குக் கட்டியிருந்த பெனரின் படம். நீலத் துணியில் மஞ்சள் எழுத்து. எழுத்துகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஓடுகிற மாதிரி, வயிறு உப்பி, வால் நீண்டு... சத்தியமாக நான் அப்படி ஒரு எழுத்துருவை அதுவரை பார்த்ததேயில்லை.

"இதே எழுத்துதான் வேணும். பசங்க எல்லாம் இதப் பாத்துட்டாங்க. வேற எழுத்துன்னா வேணாம்னு சொல்றாங்க. என்னா ஃபொன்டுன்னு ஒன்னால கண்டுபிடிக்க முடியுமா?"

"இந்த மலையில என்னால முடியலன்னா வேற யாரால முடியும்?"

பக்கத்து மேசையிலிருந்து மேரி அக்கா, "ம்" என்றார். "நா ஒருக்கா பாக்கவா?" என்றும் கேட்டார்.

"வேணாங்கக்கா. இது நம்ம வீட்டு வேலை. நானே பாத்துக்கிறேன்."

(இந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருந்தால், இந்தக் கட்டுரை இந்த இடத்தோடு முடிந்திருக்கும்.)

அன்று மாலையே வேட்டையைத் தொடங்கினேன். தெரியாத எழுத்துருவைக் கண்டுபிடித்துத் தரும் இணையத்தளங்கள் இருக்கின்றன. படத்தைக் கொடுத்தால் எழுத்தைத் தனித்தனியாக வெட்டிக் காட்டி, "இது என்ன எழுத்து?" என்று கேட்கும். நாம் தட்டிச் சொல்ல வேண்டும். சிக்கல் என்னவென்றால், அதற்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். நான் விடுவேனா? 'ட'வை எல் என்றேன். 'ப'வை யூ என்றேன். 'ற'வை எம் என்றேன். அது கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி யோசித்துவிட்டு, அமெரிக்கக் கல்யாணக் கார்டுகளுக்குப் பொருத்தமான பன்னிரண்டு எழுத்துருக்களைச் சிபாரிசு செய்தது. இன்னொரு செயலி, இது பர்மிய மொழி என்று நினைப்பதாகப் பணிவோடு தெரிவித்தது.

அடுத்தது வட்ஸ்அப். தமிழ் டிசைனர்கள் குழு ஒன்றில் நான் இருந்தேன். படத்தைப் போட்டேன். மட்டக்களப்பிலிருந்து ஒரு அண்ணன் ஒரு பெயர் சொன்னார். யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் அது இல்லை என்று வேறு பெயர் சொன்னார். இரண்டு பேருக்கும் வாக்குவாதம் முற்றி, ஒருவர் குழுவைவிட்டே வெளியேறினார். இடையில் ஒருவர் ரோஜாப் பூப் படத்தோடு காலை வணக்கம் சொன்னார். எழுத்துரு மட்டும் கிடைக்கவில்லை.

இரண்டாம் நாள் இன்னும் தீவிரமானேன். எங்கள் கடைக் கணினியில் இருந்த தமிழ் எழுத்துருக்கள் எல்லாவற்றிலும் 'ற' என்ற ஒரே எழுத்தை அடித்து, ஏழு தாள்களில் அச்செடுத்தேன். ஒவ்வொரு 'ற'வையும் படத்தோடு வைத்துப் பார்த்து, சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்டேன். வீட்டில் சோறு சாப்பிடும்போதும் தாள் மடியில் இருந்தது. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "என்னா, புள்ள வெறும் 'ற' மட்டும் எழுதிப் பழகுது?" என்று மெதுவாகக் கேட்டார். அம்மா, "கம்ப்யூட்டர் படிப்பாம். நீங்க பேசாம சாப்புடுங்க" என்றார்.

மூன்றாம் நாள் கிடைத்துவிட்டது.

வெளிநாட்டு இலவச எழுத்துருத் தளம் ஒன்றின் பதினேழாம் பக்கத்தில், தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தது. சாய்ந்திருந்தது, வயிறு உப்பியிருந்தது, வாலும் நீண்டிருந்தது. படத்தோடு அப்படியே பொருந்தவில்லைதான். 'க'வின் கழுத்து கொஞ்சம் வேறு மாதிரி. 'ள'வின் சுழி கொஞ்சம் பெரிது. ஆனால் மூன்று நாள் தேடியவளுக்குக் கண் தன்பாட்டில் பொருத்திக்கொள்ளும். "பிடிச்சுட்டேன்!" என்று கத்தினேன். மேரி அக்காவின் வாயிலிருந்து டொஃபி விழப் பார்த்தது.

இறக்கியபோது எழுத்துருவோடு ஒரு சின்னக் குறிப்புக் கோப்பும் வந்தது. 'முதலில் என்னைப் படிக்கவும்' என்று ஆங்கிலத்தில் அதன் பெயரே சொன்னது. இந்தக் கோப்புகளை யார் படிக்கிறார்கள்? அழித்துவிட்டேன்.

பதினொரு ஜேர்சியையும் அழகாக வடிவமைத்தேன். கரும்பச்சை நிறம், மஞ்சள் எழுத்து. திரையில் பார்க்கப் பார்க்க எனக்கே பெருமை தாங்கவில்லை.

"ஒருக்கா தாள்ல அடிச்சுப் பாத்தியா?" என்று கேட்டார் மேரி அக்கா.

"எதுக்குக்கா? ஸ்க்ரீன்ல பளிச்சுன்னு தெரியுதே."

"ம்."

ஜேர்சித் துணியில் அடிக்கும் வசதி எங்களிடம் இல்லை. கொழும்பில் ஒரு சிங்கள அண்ணனிடம்தான் அனுப்புவோம். கோப்பையும், மாதிரிப் படம் ஒன்றையும், கூடவே எழுத்துருவையும் அனுப்பிவைத்தேன். அடுத்த நாள் அவர் தொலைபேசியில் அழைத்தார். தமிழ் எழுத்து ஒன்றுகூட வாசிக்கத் தெரியாதவர். நான் அனுப்பிய மாதிரிப் படத்தையும் தன் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார், பாவம்.

"நங்கி, அகுரக் அடுயி வகே நேத?" என்றார். தங்கச்சி, ஒரு எழுத்து குறையிற மாதிரி இருக்கே என்று அர்த்தம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தமிழ் தெரியாதவர் எனக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித்தர வந்துவிட்டாரா?

"நே ஐயே, ஏக ஸ்டைல் எகக்" என்றேன். இல்லை அண்ணா, அது ஒரு ஸ்டைல்.

அவர் நல்ல மனிதர். வாதாடவில்லை. அடித்துவிட்டார்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. பார்சல் அன்று காலையில்தான் கொழும்பு பஸ்ஸில் ஹட்டனுக்கு வந்தது. அண்ணன் போய் வாங்கிக்கொண்டு நேரே மைதானத்துக்கு வந்துவிட்டான். பிரிக்கவில்லை. எல்லோரும் சேர்ந்துதான் பிரிக்க வேண்டும் என்று பயல்கள் சத்தியம் வாங்கியிருந்தார்களாம்.

மைதானத்தைச் சுற்றி நாலு தோட்டத்துச் சனம். அம்மா, அப்பா, எங்கள் லயமே வந்திருந்தது. அனுசரணையாளர் வெள்ளைச் சட்டையில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பட்டுச்சேலையில் ராணி அக்கா. நான் மட்டும் என்ன, தலைக்கு எண்ணெய் வைத்து, புதுச் சுடிதார் போட்டு, யாராவது "இந்த எழுத்து யாரு செஞ்சது?" என்று கேட்டால் எப்படி அடக்கமாகச் சிரிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் பொதியைக் கிழித்து முதல் சட்டையை உதறித் தூக்கிப் பிடித்தான். பளபளவென்று பச்சை. கூட்டம் "ஓ!" என்றது. அப்புறம் வாசித்தது.

'மலைக்களைகள்.'

நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். காளைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய துணைக்கால் இல்லை. காளை களையாகிவிட்டது. தேயிலைக்கு நடுவே முளைத்தால் பிடுங்கி எறிவோமே, அந்தக் களை. அதுவும் பச்சை நிறத்தில்.

மற்றச் சட்டைகளை இழுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் துணைக்கால் போயிருந்தது. தாஸ், 'தஸ்' ஆகியிருந்தான். நாதன், 'நதன்' ஆகியிருந்தான். 'ஓ' ஓசைக்குப் பின்னால் வருகிற காலும் போய்விட்டதால் மோகன், 'மேகன்'. கோபாலுக்குத்தான் இரட்டை நஷ்டம். 'கேபல்' என்று இருந்தது. அண்ணன் பாலா வெறும் 'பல'. எதுவும் ஆகாமல் தப்பியவன் முத்து ஒருவன்தான். அவன் தன் சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, "எனக்குச் சரியாத்தானே இருக்கு, என்னா பிரச்சினை?" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

முதுகுக்குக் கீழே கடையின் பெயர். 'ரணி சப்பட்டுக் கடை, நேர்வூட்.'

ராணி அக்கா எழுந்து வந்து ஒரு சட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்தார். "இது என்னாங்க, ரணி சப்பட்டு? யார சப்பட்டைன்னு போட்டிருக்காங்க?" முதலாளி தூரத்து மலையைப் பார்த்தார்.

என் பக்கத்தில் வந்து நின்ற அம்மா, மெதுவாக, ஆனால் நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னார்: "பதினொரு பேருக்கும் ஒரே நேரத்துல காலை வாரிட்டியேடி."

பூமி பிளந்து உள்ளே போக வேண்டும் என்று கதைகளில் வருமே, அப்படித் தோன்றவில்லை. அண்ணன் ஏசினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவன் ஏசவில்லை. சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒருமுறை பார்த்தான். எட்டு வருடம் காத்திருந்தவனின் பார்வை. அம்மாவின் கிள்ளெல்லாம் அதற்குப் பக்கத்தில் ஒன்றுமேயில்லை.

"வேற சட்டை இருக்காடா?" என்று கேட்டான் கோபால். யாரிடமும் இல்லை. புதுச் சட்டை வருகிறதென்று பழையதையெல்லாம் வீட்டில் போட்டுவிட்டு, மேலே ஸ்வெட்டரோடு வந்திருந்தார்கள்.

அண்ணன் ஸ்வெட்டரைக் கழற்றினான். பிறகு 'பல'வைத் தலைவழியாக மாட்டினான். "போட்டுக்குங்கடா. நம்ம சட்டைதானே" என்றான். ஒவ்வொருவராக மாட்டினார்கள். பதினொரு பேரும் வரிசையாக நின்றார்கள். முதல்முறையாக ஒரே நிறம். எழுத்தை வாசிக்காமல் பார்த்தால் உண்மையிலேயே ஒரு அணி மாதிரி இருந்தார்கள்.

ஆனால் எழுத்தை வாசிக்கவென்றே ஒருவர் இருந்தார். ஒலிபெருக்கியில் வர்ணனை செய்தவர் பக்கத்துத் தோட்டத்து வாத்தியார். எழுதியிருப்பதை எழுதியபடி வாசிப்பது அவருடைய கொள்கை.

"இப்பொழுது களமிறங்குகிறார்கள்... மலைக்களைகள் அணியினர்! முதலாவது ஓவரை வீச வருகிறார், திரு. கேபல் அவர்கள்!"

மைதானமே குலுங்கியது. எதிரணி, இன்னொரு தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ் டிவிஷன்காரர்கள். அவர்களுடைய ஆட்கள் விடுவார்களா?

"டேய், களை மருந்து டேங்க்க கொண்டாங்கடா!"

"தோட்டத்துல இவ்வளோ களை நிக்குதே, மலை பாக்க வர்ற கண்டாக்கையா வந்தா ஏசப் போறாரு!"

"புடுங்கிப் போட்டுட்டு சீக்கிரம் வீட்டுக்குப் போவோம்!"

நான் அம்மாவின் குடைக்குள் பதுங்கினேன். மழை பெய்யவில்லை. வெயிலும் இல்லை. ஆனாலும் குடை தேவைப்பட்டது.

பத்து ஓவரில் கீழ் டிவிஷன் எண்பத்து மூன்று அடித்தது. எங்கள் பயல்கள் ஆடவந்தபோது, வெட்கத்திலோ கோபத்திலோ எல்லாப் பந்தையும் ஆகாயத்துக்கு அனுப்பப் பார்த்தார்கள். ஆகாயத்துக்குப் போனவை திரும்பி வந்து எதிரணியின் கையில் விழுந்தன. ஒவ்வொருவன் வெளியேறும்போதும் கீழ் டிவிஷன் பக்கமிருந்து, "ஒரு களை புடுங்கியாச்சு!" என்று ஒரு சத்தம். ஆறு ஓவரில் ஐம்பதுக்கு ஒன்பது விக்கெட். அண்ணன் மூன்றாவது பந்திலேயே போய்விட்டான். 'பல' எடுத்தது ஒன்று.

கடைசி ஜோடி, கேபலும் முத்துவும்.

முத்துவுக்கு மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதே சந்தேகம். ஆனால் அவன் மட்டும்தான் சரியான பெயரோடு நின்றான், அந்தத் தைரியமோ என்னவோ, காலை ஊன்றிக்கொண்டு நின்றான். பந்து வயிற்றில் பட்டது. தொடையில் பட்டது. அவன் நகரவில்லை. அந்தப் பக்கத்தில் கோபால் ஒரு ஓவருக்கு ஒரு பெரிய அடி அடித்தான். அறுபது. அறுபத்தைந்து. கீழ் டிவிஷன்காரர்கள் வந்து வந்து பந்து போட்டார்கள். ஆட்டமிழக்கவே மாட்டோம் என்றார்கள் இருவரும்.

எங்கள் பக்கத்திலிருந்து யாரோ ஒரு பெண் கத்தினார்: "புடுங்கு பாப்போம்! எங்க, புடுங்கு பாப்போம்!"

கொழுந்து மலையில் கூப்பிட்டுப் பழகிய பெண்களின் தொண்டை அது. நாலு மலைக்குக் கேட்கும். பக்கத்திலிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "களை! களை! களை!" என்று கைதட்டிக்கொண்டே கத்தினார்கள். குடையை மடக்கிவிட்டு அம்மாவும் எழுந்து நின்று கத்தினார். (நானும்தான். வேறென்ன செய்வது?) வர்ணனை வாத்தியார் கொள்கையை மறந்துவிட்டு, "களைகளை அசைக்க முடியவில்லை, ஐயா, அசைக்கவே முடியவில்லை!" என்று நாற்காலியில் ஏறி நின்றார்.

வென்றோம் என்று எழுத ஆசைதான். மூன்று ஓட்டத்தில் தோற்றோம். ஓவர் முடிந்துபோனது. ஆனால் அந்தக் கடைசி இருவரையும் யாராலும் பிடுங்க முடியவில்லை. பயல்கள் ஓடிப்போய் அவர்களைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். அன்று கடைசியில் கிண்ணம் வாங்கியவர்களை யாரும் பார்க்கவேயில்லை.

திங்கட்கிழமை காலையில் வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லத்தான் கடைக்குப் போனேன். பஸ்ஸில் ஒரு பலகையையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன். மேரி அக்கா டொஃபியைக் கன்னத்தின் மறுபக்கத்துக்கு மாற்றினார்.

"அந்த எழுத்துருவ எறக்குன எடத்துக்குப் போ" என்றார்.

போனோம். நான் அழித்த குறிப்பு அங்கேயே பக்கத்தின் அடியில் இருந்தது. இது இலவச மாதிரி மட்டும்; இதில் துணைக்கால் சேர்க்கப்படவில்லை; முழுமையான எழுத்துரு வேண்டுமானால் வாங்கிக்கொள்ளவும். என் கணினி இரக்க குணமுள்ளது. இல்லாத காலை வேறொரு எழுத்துருவிலிருந்து இரவல் எடுத்து எனக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கொழும்புக் கணினிக்கு அந்த இரக்கம் இல்லை. இருப்பதை மட்டும் அடித்துவிட்டது.

"சரி, ஒங்க அண்ணன் குடுத்த படத்தக் காட்டு."

காட்டினேன். மேரி அக்கா அதைத் திரையில் போட்டு, மேல் மூலையை மவுஸால் பிடித்து இடதுபக்கம் மெதுவாக இழுத்தார். சாய்ந்திருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. பிறகு இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் அமுக்கினார். உப்பிய வயிறு வற்றியது. நீண்ட வால் சுருங்கியது.

நான் திரைக்கு அருகில் குனிந்தேன். அந்த எழுத்துருவை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் பார்த்த முகம்.

"ஒங்க அண்ணன் இத பஸ்ஸுக்குள்ள இருந்து எடுத்திருக்கான்" என்றார் மேரி அக்கா. "ஓடுற பஸ்ஸுல இருந்து எடுத்தா எழுத்து சாஞ்சுதான் விழும். காத்துல பெனரு வேற உப்பியிருக்கு. அவ்வளவுதான்."

"அப்ப இது..."

"நம்ம செத்த வீட்டு ஃபொன்டு. சனிக்கெழமகூட இதுலதானே ரெண்டு நோட்டீஸ் அடிச்ச?"

என் ஏழு தாள்களைத் தேடி எடுத்துப் பார்த்தேன். முதல் தாளில், முதல் வரிசையில், அந்த எழுத்துருவின் 'ற' இருந்தது. அதன்மேல் நான் போட்டிருந்த பெருக்கல் குறிதான் எல்லாவற்றிலும் பெரிது. இரண்டு தடவை அழுத்திப் போட்டிருந்தேன்.

ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக மேரி அக்கா சிரித்ததைப் பார்த்தேன். சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு, "வேலைய விடுறதா இருந்தா அடுத்த மாசம் விடு. இப்ப திருவிழா நோட்டீஸ் பதினாலு கெடக்கு" என்றார். அந்த அடுத்த மாசம் இன்னும் வரவில்லை. இன்றும் அதே கடைதான், அதே ஒழுகும் மூலைதான். எந்தப் படம் வந்தாலும் முதலில் நான் கேட்பது, "இத நின்னு எடுத்தீங்களா, போய்க்கிட்டே எடுத்தீங்களா?"

சட்டைகளைச் சரியாக மறுபடி அடித்துத் தருகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். அவன் பயல்களைக் கேட்டுவிட்டு வந்தான். "வேணாமாம். காளைன்னு பேர் வச்சு எட்டு வருசமா ஒருத்தனும் நம்மளத் திரும்பிப் பாக்கல. களைன்னதும் நாலு தோட்டமும் கத்துச்சு. இப்படியே இருக்கட்டுமாம்." அடுத்த வருடம் அவர்கள் 'மலைக்களைகள்' என்ற பெயரிலேயே போட்டிக்குப் பதிந்தார்கள். இரண்டு வருடம் கழித்துக் கிண்ணமும் எடுத்தார்கள். கோபாலின் சொந்த மாமியாரே அவனை "கேபல் தம்பி" என்றுதான் கூப்பிடுகிறார்.

ராணி அக்கா என்னோடு மூன்று மாதம் பேசவில்லை. அதற்குள் சனம் கடைக்கு வந்து, "அக்கா, ரெண்டு சப்பட்டு குடுங்க" என்று கேட்கத் தொடங்கியிருந்தது. யோசித்துப் பார்த்துவிட்டு, தட்டையாக ஒரு ரொட்டி சுட்டு, அதற்குச் 'சப்பட்டு ரொட்டி' என்று பலகையில் எழுதி வைத்துவிட்டார். காலையில் எட்டு மணிக்கெல்லாம் தீர்ந்துபோகும். எனக்கு மட்டும் எப்போது போனாலும் ஒன்று எடுத்து வைத்திருப்பார். கூடவே, "கண்ணாடி போட்டுக்க தங்கச்சி" என்று ஒரு புத்திமதியும்.

போன வருடம் அண்ணனுக்குக் கல்யாணம். அழைப்பிதழ் நான்தான் செய்தேன். அச்சுக்குப் போவதற்கு முன்னால் பதினொரு பேரும் ஹட்டனுக்கு பஸ் ஏறி வந்து, கடைக்குள் நிற்க இடமில்லாமல் படிக்கட்டில் வரிசையாக நின்று, ஒவ்வொருவராக உள்ளே வந்து, திரையில் விரல் வைத்துத் துணைக்கால்களை எண்ணிவிட்டுப் போனார்கள். நாற்பத்தேழு என்று எல்லோருக்கும் ஒரே கணக்கு வந்த பிறகுதான் அச்சடிக்க விட்டார்கள். கல்யாணத்தன்று மண்டப வாசலில் எனக்குத் தெரியாமல் ஒரு பெரிய பெனர் தொங்கியது. நுவரெலியாவில் போய்ச் செய்திருக்கிறார்கள். 'பாலா அண்ணன் கல்யாணம் களை கட்டுது! இப்படிக்கு, மலைக்களைகள்.'

அண்ணியின் பெயர் சாந்தி. வந்த முதல் வாரமே வீட்டில் எல்லோரும் அவரைச் 'சந்தி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அப்பாகூட, "சந்தி, ஒரு தேத்தண்ணி தாம்மா" என்கிறார். அண்ணி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, விருந்துக்கு வந்து உட்கார்ந்திருந்த பயல்கள் முன்னிலையில் கேட்டார்:

"ஏங்க, எம் பேரு சாந்தி. சந்தி, சந்தின்னா நா என்னா நோர்வூட் சந்தியா? யாருங்க எனக்கு இந்தப் பேர வச்சது?"

எல்லோருடைய வாயிலும் சோறு. பதினொரு கைகள் மட்டும் இலையைவிட்டு எழுந்து என் பக்கம் நீண்டன.